மூட்டம் போடும் முறை: ரோத்கோவின் கேன்வாஸும் அவர் நடத்திய சிறுவர் வகுப்பும்

அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் 'எண் 61' 1953இல் வரையப்பட்ட ஓவியம். உயரம் ஏறக்குறைய 292 செ.மீ., அகலம் 233 செ.மீ. துருவின் செம்பழுப்பும் நீலமும் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் செவ்வகங்கள். கிட்டப் போனால் ஒரு செவ்வகம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை தெரிகிறது, ஆனால் தண்ணீர் எங்கே முடிந்து கரை எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதில்லை அல்லவா, அந்த மாதிரி. இந்தக் குணத்துக்கு மூட்டம் என்ற நம் சொல்லே போதும். பனிமூட்டம், புகைமூட்டம், மேகமூட்டம் எல்லாவற்றிலும் பொருள் அப்படியே இருக்கிறது, அதன் ஓரம்தான் கரைகிறது.

ரோத்கோ என்றதும் பேச்சு தியானம், மௌனம், ஆன்மிகம் என்று போய்விடுகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவரே தன்னை அரூப ஓவியர் என்று சொல்லிக்கொள்ள மறுத்து, மனிதரின் அடிப்படை உணர்ச்சிகளே தன் அக்கறை என்றார். ஆனால் தூரிகை பிடிப்பவருக்கு அந்தப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. மூட்டம் பெயின்டில் இருக்கிறது: எத்தனை பூச்சு, எவ்வளவு நீர்த்தது, எந்தப் பசையில் குழைத்தது, எது காய்ந்த பிறகு எது.

இதை இத்தனை நுணுக்கமாகச் செய்தவர் 1929 முதல் 1952 வரை நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருந்தார். அங்கே அவர் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தரவே மறுத்தார். முரண் போலத் தோன்றும். இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை என்பதுதான் என் துணிபு. முதலில் கேன்வாஸ்.

வழக்கமான எண்ணெய் ஓவியத்தில் துணிக்குப் பசை கொடுத்து, அதன்மேல் வெள்ளை அடிப்பூச்சு இட்டு, அதற்கு மேல்தான் நிறம் வரும். ரோத்கோ பல ஓவியங்களில் அந்த வெள்ளையை விட்டுவிட்டார். பருத்திக் கேன்வாஸில், சூடான முயல்தோல் பசையிலேயே நிறமித் தூளைக் கலந்து, துணி முழுக்கத் தேய்த்தார். சட்டத்தின் பக்கவாட்டில் மடியும் துணிக்கும் நிறம் உண்டு. ஆகவே முதல் நிறம் துணியின் மேல் உட்காரவில்லை, நூலுக்குள் இறங்கிவிட்டது. மேலே வரும் ஒவ்வொரு பூச்சுக்கும் அடியிலிருந்து ஒரு நிறம் கசிந்துகொண்டே இருக்கும். சாயம் தோய்த்த துணியையும், மேலே அச்சடித்த துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவு: முயல்தோல் பசைத் துகள் 70 கிராம், குளிர்ந்த நீர் 1 லிட்டர். இரவு முழுக்க ஊறவிட வேண்டும். ஊறாமல் சூடாக்கினால் அடியில் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு பெரிய பாத்திரத்து வெந்நீருக்குள் சிறிய பாத்திரத்தை வைத்து மெல்ல உருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கொதித்துவிட்டால் ஒட்டும் திறன் போய்விடும். ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்தால் கடல்பாசி இனிப்பைப் போலத் தளதளவென்று உறைய வேண்டும். கல்லாக இறுகினால் பசை அதிகம், வெந்நீர் விட்டுத் தளர்த்தலாம். பசை அதிகமான பூச்சு சில வருடங்களில் வெடிக்கும், அதற்கு மேலுள்ள பெயின்டையும் சேர்த்துப் பிளக்கும்.

நிறமித் தூளை நேரே பசையில் கொட்டினால் மிதக்கும். தனிக் கிண்ணத்தில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, தோசைமாவுப் பதத்துக்கு வந்த பிறகு பசையில் சேர்க்க வேண்டும். நிறமி அடியில் தங்கிவிடும் என்பதால் தூரிகையை முக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கலக்கு. பாத்திரம் ஆறினால் பசை கெட்டியாகி, துணியில் திட்டுத் திட்டாக நிற்கும், ஆகவே வெந்நீரிலிருந்து எடுக்காமலே வேலை செய்வது நல்லது. காயும்போது துணி இறுகும். முதலிலேயே முரசுபோல இழுத்துக் கட்டியிருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பசை புரதம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் தொய்ந்து, வெயில் காலத்தில் இறுகி, இரண்டுக்கும் நடுவே பூஞ்சை பிடிக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்கள் அக்ரிலிக் மேட் மீடியத்தை (மின்னாமல் காயும் செயற்கைப் பசை) இரண்டு பங்கு நீரில் கரைத்து, அதில் நிறமியைக் குழைத்து முதல் பூச்சைப் போடலாம். பசையில் கிடைக்கும் அந்த வெல்வெட் மந்தம் அப்படியே வராது, ஆனால் துணி பிழைக்கும். ரோத்கோவே கடைசி ஆண்டுகளில் காகிதத்தில் அக்ரிலிக்கால் ஏராளமாக வரைந்தார்.

இனி மேல் பூச்சுகள். 1950களின் ஓவியங்களில் அவர் எண்ணெய் பெயின்டை டர்பன்டைனில் மிக மிக நீர்த்துப் பூசினார். நீர்மோர்ப் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு நீர்த்தால், நிறமித் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் எண்ணெய் மிகக் குறைந்துபோகிறது. துகள்கள் ஏறக்குறைய தனித்தனியாகத் துணிமேல் தங்குகின்றன. வெளிச்சம் அந்த இடைவெளிகளில் புகுந்து, அடிப்பூச்சைத் தொட்டு, திரும்பி வருகிறது. ஓவியம் உள்ளிருந்து ஒளிர்கிறது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதற்கு விலை உண்டு. பிடிமானம் குறைந்த பெயின்ட் சுண்ணாம்புச் சுவர்போலக் கையோடு வரும். மேலே வார்னிஷ் அடித்தால் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் நிறம் கறுத்து, கண்ணாடிபோல மின்னி, மூட்டம் ஒரே நொடியில் செத்துவிடும். ரோத்கோ வார்னிஷ் அடிக்கவில்லை. பதிலாகப் பிடிமானத்தைப் பெயின்டுக்குள்ளேயே தேடினார்: முழு முட்டை, டமார் பிசின், பின்னாளில் செயற்கைப் பிசின்கள். டமார் நமக்கு அந்நியமானதல்ல. நாம் சாம்பிராணியோடு புகைக்கும் குங்கிலியத்தின் உறவுதான் அது. லண்டனில் உள்ள டேட் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை ஆராய்ந்தபோது முட்டை, விலங்குப் பசை ஆகியவற்றோடு அக்ரிலிக், ஆல்கிட், பீனால் பார்மால்டிஹைடு பிசின்களும் கிடைத்தன. காரணம் எளிது. எண்ணெய்ப் பூச்சு காய நாட்கள் ஆகும், காயாத பூச்சின் மேல் அடுத்தது போனால் இரண்டும் கலந்து சேறாகும். சீக்கிரம் காய்கிற கலவை இருந்தால் சில மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சைப் போடலாம்.

அவர் தன் அளவுகளை வெளியே சொன்னதில்லை. ஓவியர்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் முட்டைக் குழம்பின் அளவு இது: ஒரு முழு முட்டையின் கொள்ளளவு ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெயும் டமார் வார்னிஷும் சரிபாதி சேர்ந்தது ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு வரை. மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் முட்டையை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். எண்ணெய்க் கலவையைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். நீர் கடைசியில்தான். வரிசையை மாற்றினால் திரிந்த பால்போலப் பிரிந்துவிடும், பிறகு சேராது. குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். டர்பன்டைன் வேலைக்கு எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டு எறிய வேண்டும்.

மூட்டத்தின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. பலர் ஒரு செவ்வகத்தை வரைந்துவிட்டு அதன் விளிம்பைத் துணியால் தேய்த்து மங்கலாக்குகிறார்கள். அது அழிந்த ஓரம்போல இருக்குமே தவிர மூட்டமாக இராது. ரோத்கோவின் ஓரம் பூச்சுகளின் விலகலால் உண்டாவது. முதல் செவ்வகம் ஓர் அளவு. அது காய்ந்ததும் வேறு நிறத்தில் இரண்டாவது, முன்னதைவிட இங்கே ஒரு விரல் உள்ளே, அங்கே அரை விரல் வெளியே. மூன்றாவது இன்னொரு விதம். மூன்று ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்தாததால் கண் எதையும் ஓரம் என்று பிடித்துக்கொள்ள முடியாமல் தடுமாறுகிறது. இதற்குச் சுவருக்கு அடிக்கும் அகலமான பிரஷ் வேண்டும், 4 அல்லது 5 அங்குலம். பெயின்டில் நுனியை மட்டும் தொட்டு, டப்பா விளிம்பில் வழித்து, துணியைத் தொட்டும் தொடாமலும் வேகமாக இழுக்க வேண்டும். அழுத்தினால் கோடு விழும். அவர் கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பியும் வேலை செய்தார். சில ஓவியங்களில் பெயின்ட் மேல்நோக்கி ஒழுகியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

நிறத் தேர்வுக்குக் கைப்பேசி உதவும். பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு நிறங்களைப் பூசிக் காயவிட்டு, கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் எல்லை மறைந்துபோனால் இரண்டுக்கும் வெளிச்ச அளவு ஒன்று. அந்த இணைதான் நேரில் துடிக்கும், மிதக்கும். எல்லை பளிச்சென்று தெரிந்தால் என்ன தேய்த்தாலும் அது துணியில் ஒட்டிய பட்டைபோலத்தான் நிற்கும். சேறாகிப் போவதற்கும் இங்கேதான் மருந்து: ஒரு பகுதிக்கு மூன்று நிறமிகளுக்கு மேல் வேண்டாம், கலக்க வேண்டியதைத் தட்டில் கலக்காமல் மேலும் கீழுமாகப் பூசுங்கள், வெள்ளையைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். நீர்த்த பூச்சுகள் கீழே, எண்ணெய் மிகுந்தவை மேலே. மாற்றிப் போட்டால் மேலே உள்ளது முதலில் காய்ந்து வெடிக்கும்.

நிறமியின் பெயரைப் படிக்காமல் வாங்குவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ரோத்கோ 1962இல் வரைந்த பெரும் சுவரோவியங்களுக்கு நேர்ந்தது இது. ஐந்து ஓவியங்கள் 1964இல் ஒரு கட்டடத்தின் உச்சித் தளத்து விருந்தறையில் மாட்டப்பட்டன. பெரிய ஜன்னல்கள், நேர் வெயில். சிவப்புக்கு அவர் பயன்படுத்தியது லித்தால் ரெட். ஒளியைத் தாங்காத நிறமி அது. கூடவே இருந்த அல்ட்ராமரின் நீலம் தாங்கிக்கொண்டது, சிவப்பு ஓடிவிட்டது. கருஞ்சிவப்பாக இருந்த இடங்கள் வெளிறிய நீலமாயின. 1979இல் அவற்றைக் கழற்றி இருட்டறைக்கு அனுப்பினார்கள். வார்னிஷ் இல்லாத, நீர்த்த பூச்சு என்பதால் மேலே தொட்டுப் பூசிச் சரிசெய்யவும் வழியில்லை. 2014இல் வேறு வழி கண்டார்கள். பழைய வண்ணப் படங்களிலிருந்து முதல் நிறத்தைக் கணக்கிட்டு, ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் குறைகிற நிறத்தை மட்டும் புரொஜெக்டரால் ஒளியாகப் பாய்ச்சினார்கள். அந்தக் காட்சி நடந்த நாட்களில் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை அணைத்துவிட்டார்கள். நின்றுகொண்டிருந்தவர்களின் கண் முன்னால் சிவப்பு வடிந்து போனது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். வாங்கிய சிவப்பை ஓர் அட்டையில் பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் இரண்டு மாதம் வையுங்கள். தாளைப் பிரித்ததும் இரு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சிவப்பைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரோத்கோ தேவாலயத்தின் 14 ஓவியங்களில் சிக்கல் வேறு. அங்கே கறுப்புப் பகுதிகளுக்கு முழு முட்டை, எண்ணெய், டமார், டர்பன்டைன் கலந்த கலவை. சில வருடங்களில் கறுப்பின் மேல் வெண்மை பூத்தது. கொழுப்புப் பொருள்கள் மெல்ல மேலே வந்து படிந்ததால் வந்த வினை. முட்டைக் குழம்பில் எண்ணெயைத் தாராளமாக விடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ரோத்கோவின் 'பிளாக் ஆன் மெரூன்' ஓவியத்தின் மீது 2012இல் ஒருவர் கிராஃபிட்டி மையால் கிறுக்கியபோதும் மை எல்லாப் பூச்சுகளிலும் ஊறிப் பின்பக்கம் வரை போய்விட்டது. ஒன்றரை ஆண்டு வேலை. முதல் பாதி, எந்தக் கரைப்பான் மையை எடுக்கும் ஆனால் முட்டையையும் பிசினையும் தொடாது என்று மாதிரிகளில் சோதிப்பதிலேயே போனது.

இத்தனை கலவைகளும் எங்கிருந்து வந்தன? ஓவியப் பள்ளியிலிருந்து அல்ல. 1903இல் இன்றைய லாட்வியாவின் தௌகாவ்பில்ஸில் பிறந்து, 10 வயதில் அமெரிக்கா போய், யேல் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர். நியூயார்க் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் ஓவியர் மேக்ஸ் வெபரிடம் கற்றது சொற்ப காலம். ஓவியர் மில்டன் ஏவரியின் நட்பிலிருந்து மெல்லிய பெயின்டையும் பரந்த நிறப் பரப்பையும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் தானே தேடியது. தேடும் துணிச்சலை அவர் புரூக்ளின் வகுப்பறையில் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

1934இல் அந்தப் பள்ளியின் இதழில் எழுதிய கட்டுரையில் அவர் சொல்லும் வாதம் எளிது. குழந்தை இலக்கணம் தெரியாமலே கதை சொல்கிறது, சுரவரிசை தெரியாமலே பாடுகிறது. வரைவதும் அப்படிப்பட்ட மொழிதான், முதலில் பேசவிட வேண்டும். 1930களின் கடைசியில் 'ஸ்கிரிபிள் புக்' என்ற குறிப்பேட்டில் இதையே விரித்து எழுதினார். வியன்னாவின் சிறுவர் கலை ஆசிரியர் ஃபிரான்ஸ் சிஸெக்கின் முறை அவருக்குப் பிடித்திருந்தது. குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வருவது அளவு பற்றிய யோசனை: தாளின் வெளிக்குள் உருவை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதைக் குழந்தை உணர்ச்சியால் முடிவு செய்கிறது. பிறகு அவர் ஆளைவிடப் பெரிய கேன்வாஸுக்குப் போனதையும், அதைப் பார்ப்பவர் அதற்குள் இருக்க வேண்டும் என்று கேட்டதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு முறையைத் தராமல் விட்டவர், தனக்கும் யாருடைய முறையையும் வாங்கிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியது முதலில், அதற்கு வேண்டிய பசையும் பிசினும் பிறகு. லித்தால் ரெட்டும் அந்தத் துணிச்சலின் விளைவுதான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கும் கற்பித்தார்: 1947, 1949 கோடைகளில் கலிஃபோர்னியா நுண்கலைப் பள்ளியில், 1951 முதல் 1954 வரை புரூக்ளின் கல்லூரியில். ஆனாலும் அவருடைய கற்பித்தலின் வேர் சிறுவர் வகுப்பு.

இந்த வழியில் ஒரு வகுப்பு நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை. 7 முதல் 11 வயது வரை, 12 பிள்ளைகள் போதும். ஏ4 தாள் வேண்டாம், அதில் மணிக்கட்டுதான் அசையும். 56 × 71 செ.மீ. சார்ட் அட்டை ஆளுக்கு இரண்டு. போஸ்டர் கலர் அரை லிட்டர் புட்டியாக ஐந்து நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை. 2 அங்குலப் பிரஷ்கள், ஒரு நிறத்துக்கு இரண்டு என்று கிண்ணத்திலேயே நிற்கட்டும், பிரஷைக் கழுவும் வேலையே வேண்டாம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வந்ததும் தொடங்கட்டும். கரும்பலகையில் மாதிரி வரைந்து காட்டினால் அடுத்த பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பிரதிகள் வரும். மலையும் நடுவே சூரியனும் வீடும் வந்துகொண்டே இருக்கிறதென்றால் அது பிள்ளையின் கற்பனைக் குறைவல்ல, முன்பு யாரோ காட்டிய மாதிரியின் தழும்பு. அப்போது தாளைத் தரையில் விரித்துக் கொடுங்கள், எந்தப் பக்கம் மேல் என்பதே தெரியாமல் போகும், சூரியனுக்கு மூலை கிடைக்காது. 'இது என்ன?' என்று கேட்கக் கூடாது. 'இந்த நிறத்துக்குப் பக்கத்தில் இதை ஏன் வைத்தாய்?' என்று கேட்கலாம். ஈரத்தின் மேல் ஈரம் போட்டுச் சேறாகிவிட்டால் அந்தத் தாளைக் கிழிக்காமல் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் வேறு நிறம் பூசச் சொல்லுங்கள். பூச்சு, காய்தல், மறுபூச்சு என்ற பாடம் அங்கே தானாக நடந்துவிடும்.

முடிந்ததை மாட்ட வேண்டும், அதுவும் ஒழுங்காக. 1961இல் லண்டன் வொயிட்சேப்பல் கலைக்கூடத்தில் நடந்த தன் காட்சிக்கு ரோத்கோ அனுப்பிய குறிப்புகள் இன்றும் பயன்படும். சுவர் சுத்த வெள்ளையாக இருக்கக் கூடாது, சிறிது சிவப்பு கலந்து வெதுவெதுப்பாக்கிய மங்கல் வெள்ளை. விளக்கு பலமாக இருக்கக் கூடாது. பெரிய ஓவியங்கள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள். நீர்த்த பூச்சின் மேல் ஸ்பாட் லைட் விழுந்தால் பிரஷ் தடம்தான் தெரியும், நிறம் தெரியாது. அறையின் பொது வெளிச்சமே போதும், ஓவியத்தின் நேர் எதிரே ஜன்னல் மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளின் சார்ட்டுகளையும் இதே உயரத்தில், இடைவெளி விட்டு மாட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் பின் குத்தி ஒன்றன் மேல் ஒன்றாக வேண்டாம். 1933இல் போர்ட்லாண்ட் அருங்காட்சியகத்தில் ரோத்கோவுக்கு முதல் தனிக் காட்சி கிடைத்தது. அவருக்கு வயது 29. அந்தச் சுவர்களில் தன் ஓவியங்களோடு தன் வகுப்புக் குழந்தைகளின் ஓவியங்களையும் மாட்டினார்.